விமானிப் பயிற்சி: கையிலுள்ள பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

கேள்வி: எனக்கு வயது 25. நிரந்தர வேலையில் இருக்கிறேன். வணிக விமானி உரிமம் பெற வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேமிப்பாகக் கையில் இருக்கிறது. மீதித் தொகைக்குக் கடன் வாங்கி, வேலையை விட்டு, முழுநேரப் பயிற்சியில் சேர்வதா? அல்லது வேலையில் இருந்தபடியே வார இறுதிகளில் பறந்து, கடனே இல்லாமல் முடிப்பதா? இவற்றில் எது சிக்கனம்?

பதில்: கடன் இல்லை என்பதால் இரண்டாவது வழி சிக்கனமாகத் தோன்றும். நடைமுறையில் பலருக்கும் அதுவே அதிகச் செலவில் முடிகிறது. விமானத்தைத் தரையிறக்குவது, காற்றின் போக்குக்கு ஏற்பத் திருத்துவது போன்ற திறன்கள் தொடக்க நிலையில் மிக விரைவாக மங்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மட்டும் பறக்கும் மாணவர், ஒவ்வொரு வகுப்பின் முதற்பாதியையும் முந்தைய வகுப்பில் கற்றதை மீட்டெடுப்பதிலேயே கழிக்கிறார். அந்த நேரத்துக்கும் விமான வாடகையும் பயிற்றுநர் கட்டணமும் முழுமையாகவே ஓடுகின்றன. வானிலை கெட்டுப்போகும் வார இறுதிகளையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி இன்னும் நீளும். வணிக உரிமத்துக்கு முதற்படியான, ஊதியம் பெறாமல் பறப்பதற்குரிய தனியார் விமானி உரிமத்துக்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்துள்ள குறைந்தபட்ச அனுபவம் 40 மணி நேரம். அமெரிக்காவிலும் அதே 40 மணி நேரம்தான் விதி. ஆனால் அங்கே பெரும்பாலானோர் 60 மணி நேரத்தைத் தாண்டிய பிறகே தேர்வுக்குத் தயாராகிறார்கள். பள்ளிகளின் விளம்பரங்களில் காணப்படும் கட்டணம் பெரும்பாலும் அந்தக் குறைந்தபட்ச மணிகளை வைத்துப் போடப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் வழியில் வேகம் இருக்கிறது; ஆனால் மூன்றில் இரண்டு பங்கைக் கடனாக வாங்குவதன் எடையை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. 100 அலகு கடன் வாங்குகிறீர்கள், ஆண்டு வட்டி 11 விழுக்காடு, பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகளும் வேலை கிடைக்க ஓராண்டும் ஆகின்றன, அதுவரை தவணை எதுவும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டின் இறுதியில் கடன் ஏறத்தாழ 137 அலகாகியிருக்கும். அதைப் பத்து ஆண்டு மாதத் தவணைகளில் அடைத்தால் நீங்கள் மொத்தமாகக் கட்டுவது சுமார் 226 அலகு. வேலைக்குக் காத்திருக்கும் அந்த ஓராண்டு இல்லாவிட்டால் அது சுமார் 204 அலகாகக் குறையும். வெறும் காத்திருப்பின் விலையே 22 அலகு. அந்தக் காத்திருப்பின் நீளமோ உங்கள் கையில் இல்லை. 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விமான நிறுவனங்கள் ஆளெடுப்பதைச் சட்டென்று நிறுத்தியபோது, புதிதாக உரிமம் பெற்று வந்தவர்களே முதலில் அடிபட்டார்கள்.

ஆகவே நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை. பயிற்சியை உரிமங்களின் அடிப்படையில் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்துக்கு வேண்டிய முழுத் தொகையும், அதற்கு மேல் கால் பங்கும் கையில் சேரும்வரை அந்தக் கட்டத்தின் முதல் மணி நேரத்தைக்கூடப் பறக்காதீர்கள். சேர்ந்த பின், சேர்த்து வைத்த விடுமுறையோ ஊதியமில்லா விடுப்போ எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு நான்கைந்து முறை பறந்து அந்தக் கட்டத்தை ஒரே மூச்சில் முடியுங்கள். பிறகு வேலைக்குத் திரும்பி அடுத்த கட்டத்துக்குச் சேமியுங்கள். சேமிக்கும் காலம் எவ்வளவு நீண்டாலும் நட்டம் குறைவு. பறக்கும் காலம் நீண்டால்தான் பணம் கரைகிறது.

இதில் முதலில் செய்ய வேண்டியது வானத்தோடு தொடர்பே இல்லாத ஒன்று: முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று. வணிக விமானியாகப் பணியாற்றப் பெரும்பாலான நாடுகளில் அது கட்டாயம். நிறப்பார்வை, இதயத் துடிப்புப் பதிவு, செவித்திறன் போன்றவற்றில் தடை இருந்தால், அது பயிற்சிக்குச் செலவழிக்கும் முன்பே தெரிய வேண்டும். தொடக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சான்றே போதும் என்று சில பள்ளிகள் சொல்வது விதிப்படி சரிதான். பொழுதுபோக்குக்காகப் பறப்பவருக்கு அது போதும், பிழைப்புக்காகப் பறக்க நினைப்பவருக்குப் போதாது.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். விமானக் கோட்பாடு, வானிலை, வழிகாண் முறை, விதிமுறைகள் ஆகியவற்றை வேலையில் இருந்தபடியே இரவுகளில் படிக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் அடிப்படைக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. எழுத்துத் தேர்வின் முடிவுகளுக்குக் காலாவதி இருக்கிறது. ஐரோப்பிய முறையில், பெருவிமானங்களுக்கான கோட்பாட்டுப் பாடங்கள் பதின்மூன்றையும் 18 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். முடித்த பின் 36 மாதங்களுக்குள் வணிக உரிமத்தையும், வெளிப்பார்வையை நம்பாமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கருவிவழிப் பறப்புத் தகுதியையும் பெற்றுவிட வேண்டும். பறப்பதற்கான பணம் எப்போது சேரும் என்ற கணக்கு இல்லாமல் தேர்வுகளை முடித்துவிட்டால், பணம் சேரும் நாளில் தேர்வுகள் செல்லாமல் போயிருக்கும். கருவிவழிப் பறப்பு, பல எஞ்சின் விமானம் ஆகிய தகுதிகளைக் கடைசியில் வைத்துக்கொள்வதற்கும் இதே காரணம்தான்: அவற்றைப் பெறுவதற்கு மட்டுமின்றி, உயிர்ப்புடன் வைத்திருக்கவும் தொடர்ந்து செலவாகும்.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்துக்கு மட்டும், அதாவது வணிக உரிமத்தின் எஞ்சிய மணிகளுக்கும் கருவிவழித் தகுதிக்கும் மட்டும், கடன் வாங்குவது நியாயமானது. அதற்குள் உங்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவருகிறதா என்பது தெரிந்திருக்கும். வட்டி ஓடும் காலமும் குறைவாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் வணிக உரிமத்துக்கான பன்னாட்டுக் குறைந்தபட்சம் 200 மணி நேரத்திலிருந்து 150 மணி நேரமாகக் குறைகிறது என்று உங்களிடம் சொல்வார்கள், அது உண்மை. அத்தகைய திட்டங்களில் ஒரு மணி நேரத்துக்கான கட்டணம் பெரும்பாலும் அதிகமாக இருப்பதால், மணிகளை ஒப்பிடாமல் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். நீங்கள் சேர நினைக்கும் விமான நிறுவனங்கள் எந்த வகைப் பயிற்சியை ஏற்கின்றன என்பதையும் அவற்றின் ஆளெடுப்பு அறிவிப்புகளைப் படித்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் சேர விரும்பும் பயிற்சிப் பள்ளி, முழுக் கட்டணத்தையும் முதலிலேயே செலுத்தினால் 12 விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொல்கிறது. வீட்டை அடமானம் வைத்தால் அந்தத் தொகையைத் திரட்ட முடியும். தள்ளுபடியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் செலுத்தும் நாளில் நீங்கள் அந்தப் பள்ளிக்குக் கடன் கொடுத்தவராகிறீர்கள். வங்கி உங்கள் வீட்டைப் பிணையாக எழுதி வாங்கிக்கொண்டு உங்களுக்குக் கடன் தருகிறது. நீங்களோ அந்தப் பணத்தை எந்தப் பிணையும் இல்லாமல் பள்ளிக்குக் கடனாகத் தருகிறீர்கள். 12 விழுக்காடு என்பது அந்த ஆபத்துக்கு அவர்கள் தரும் விலை. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்னும் பயிற்சி நிறுவனம் திடீரென்று மூடப்பட்டுத் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிப் பயிற்சியுடன் நின்றார்கள்; அவர்களில் பலர் முழுத் தொகைக்கும் கல்விக் கடன் வாங்கியிருந்தார்கள். விமானப் பயிற்சி, எரிபொருள் விலைக்கும் விமானப் பழுதுக்கும் எளிதில் ஆட்டம் காணும் தொழில். நேர்மையாக நடத்தப்படும் பள்ளிகளும் விழுந்துபோவது உண்டு.

கட்டம் கட்டமாகக் கட்டணம் பெறும் பள்ளியைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால், பணத்தைப் பொது நம்பிக்கைக்குரிய மூன்றாம் தரப்புக் கணக்கில் வைத்து, பறந்து முடித்த மணிகளுக்கு மட்டும் விடுவிக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மறுக்கும் பள்ளியிடம், திரும்பப் பெறும் நிபந்தனைகளை எழுத்தில் தரச் சொல்லி அவற்றை ஒரு வழக்குரைஞரிடம் காட்டுங்கள்.

விலைப்பட்டியலையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். வாடகையில் எரிபொருள் அடங்குமா, எரிபொருள் விலை ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டா, நேரத்தை எஞ்சின் இயங்கத் தொடங்கியது முதல் கணக்கிடுகிறார்களா அல்லது எஞ்சினின் சுழல் வேகத்தை ஒட்டி ஓடும் மானியின்படி கணக்கிடுகிறார்களா என்று கேளுங்கள். முதல் முறையில், பரபரப்பான விமான நிலையத்தில் ஓடுபாதைக்காக வரிசையில் காத்து நிற்கும் நிமிடங்களுக்கும் முழு வாடகை விழும். இரண்டாம் முறையில் எஞ்சின் மெதுவாக இயங்கும்போது மானியும் மெதுவாக ஓடும். தேர்வாளர் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், காப்பீடு, தலையணி ஒலிவாங்கி, தங்குமிடம் ஆகியவை பட்டியலுக்கு வெளியே இருப்பதே வழக்கம். வெளிநாட்டில் பயின்றால், பெற்ற உரிமத்தைச் சொந்த நாட்டு உரிமமாக மாற்றும் தேர்வுகளுக்கும் அதற்கான பறப்புக்கும் ஆகும் செலவைச் சேர்க்காமல் எந்த ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, அவற்றை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்? மேலாளரைக் கேட்பதைவிட, அங்கே பயிலும் மாணவர்கள் சிலரிடம், சென்ற மாதம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்டால் உண்மை விளங்கிவிடும். மலிவான பள்ளியில் பறப்பதற்காகப் பல மாதங்கள் காத்திருக்கும் மாணவருக்கு, தங்குமிடச் செலவும் கடன் வட்டியும் சேர்ந்து அந்த மலிவை விழுங்கிவிடும்.

கேள்வி: பள்ளி இறுதியாண்டில் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தால் இந்தப் பயிற்சிக்கு எதுவுமே தர இயலாது. கல்வி உதவித்தொகையை மட்டும் நம்பி விமானி ஆக முடியுமா?

பதில்: உதவித்தொகையை மட்டும் நம்பி முழுப் பயிற்சியையும் முடிப்பவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான உதவித்தொகைகள் ஒரு கட்டத்துக்கு உரியவை: முதல் தனிப்பறப்பு வரை, தனியார் உரிமம் வரை, அல்லது ஒரு கூடுதல் தகுதிக்கு என்று அவை பிரிந்து கிடக்கின்றன. 1929-இல் தொடங்கப்பட்ட, அமேலியா ஏர்ஹார்ட் முதல் தலைவராக இருந்த ‘நைன்ட்டி நைன்ஸ்’ என்னும் பெண் விமானிகள் அமைப்பு, அவர் பெயரிலேயே தன் உறுப்பினர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. அத்தகைய சங்கங்கள் பலவற்றில், விண்ணப்பிக்கும் முன் குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், தேவை வரும்போது சேரலாம் என்று காத்திருக்காமல் இப்போதே உறுப்பினராவது நல்லது. பெரிய தொகைக்குக் கூட்டம் அலைமோதும். சிறிய தொகைகளுக்கு விண்ணப்பிப்பவர் குறைவு. தேர்வுக் குழுக்கள் பொதுவாக, ஏற்கெனவே ஏதேனும் ஒரு படி ஏறியிருப்பவரையே விரும்புகின்றன. மருத்துவச் சான்றும் ஓர் எழுத்துத் தேர்வின் முடிவும் கையில் இருப்பவரின் விண்ணப்பம் வெறும் ஆசையை விவரிக்கும் விண்ணப்பத்தைவிட வலுவாக நிற்கும்.

உங்கள் வயதுக்கு ஏற்ற மலிவான வழி ஒன்று பலரால் கவனிக்கப்படுவதில்லை: எஞ்சின் இல்லாத மிதவை விமானம், அதாவது கிளைடர். தரையிலுள்ள இழுவை எந்திரத்தால் மேலே ஏற்றப்படும் கிளைடரில் எரிபொருள் செலவு மிகக் குறைவு. கிளைடர் மன்றங்களில் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பல நாடுகளில் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். ஐரோப்பிய விதிகளின்படி, கிளைடர் உரிமம் உள்ளவர் தலைமை விமானியாகப் பறந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மணி நேரம்வரை, தனியார் விமானி உரிமத்துக்குக் கழித்துக்கொள்ளப்படும். மணிகளின் கழிவு சிறியதுதான். காற்றைப் படிக்கும் பழக்கம் சிறியதன்று. 1983-இல் எரிபொருள் தீர்ந்துபோன ஏர் கனடா போயிங் 767 விமானத்தைக் கனடாவின் கிம்லியில் எஞ்சின் விசையே இல்லாமல் தரையிறக்கிய ராபர்ட் பியர்சன், அனுபவமுள்ள கிளைடர் விமானியாகவும் இருந்தார்.

விமானப்படை மற்றொரு வழி. அங்கே பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாக நீண்ட பணிக்கால உறுதி தர வேண்டும். அமெரிக்க விமானப்படையில் அது பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள். செலவில்லாத பயிற்சி என்பதற்காக மட்டும் படைக்குச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படைவாழ்வையும் விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விமான நிறுவனங்களே செலவை ஏற்று, பின்னர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் பயிற்சி விமானித் திட்டங்களும் உண்டு. அவற்றில் சில, 2006-இல் பன்னாட்டு அளவில் அறிமுகமான, ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் சேர்ந்து இயக்கும் விமானங்களுக்கு உரிய பல்குழு விமானி உரிமத்துக்கு இட்டுச் செல்கின்றன. அதன் 240 மணி நேரத்தில் பெரும்பகுதி பாவனைப் பயிற்சிக் கருவியில் (சிமுலேட்டர்) நடப்பதால், அந்த உரிமம் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடு இறுகப் பிணைந்தது. அந்த நிறுவனம் கைவிட்டால், சிறு விமானத்தில் தனியாக வணிகப் பறப்பு செய்யக்கூட அது உதவாது. ஒப்பந்தத்தில் அந்த நிலைமைக்கு என்ன வழி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து படித்துப் பாருங்கள்.

கேள்வி: வணிக விமானி உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது, வேலை கிடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட ஜெட் விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்னும் தகுதியைச் சொந்தச் செலவில் முடித்தால் வேலை நிச்சயம் என்று ஒரு முகவர் கூறுகிறார். மேலும் கடன் வாங்கலாமா?

பதில்: எந்த விமான நிறுவனமும் எழுத்தில் பணி உறுதி தராத நிலையில் டைப் ரேட்டிங் வாங்குவது, இந்தத் துறையில் செய்யக்கூடிய செலவுகளிலேயே மிக ஆபத்தானது. அந்தத் தகுதி ஒரே விமான வகைக்கு மட்டும் செல்லும். அந்த வகையைப் பறக்காமல் இருந்தால் பல நாடுகளில் ஓராண்டில் காலாவதியாகி, புதுப்பிக்க மீண்டும் பாவனைப் பயிற்சிக் கருவிக்குப் பணம் கட்ட வேண்டிவரும். முகவரின் வாக்குறுதியை நிறுவனத்தின் கடிதத் தாளில் கேளுங்கள்; தர இயலவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அதே பணத்தில் ஒரு பங்கைப் பயிற்றுநர் தகுதிக்குச் செலவிடுவது பற்றி யோசித்தீர்களா? பிறர் பணத்தில் உங்கள் பறப்பு நேரம் வளர அதுவே வழி. அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பின் வந்த சட்டத்தால், 2013 முதல் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டியதாயிற்று. அந்த மணிகளை அங்குள்ள இளம் விமானிகள் பெரும்பாலும் பயிற்றுநர்களாக இருந்துதான் சேர்க்கிறார்கள். 200 மணி நேரத்திலேயே துணை விமானியை எடுக்கும் நாடுகளிலும், ஓராண்டு சும்மா இருந்தவரைவிட ஓராண்டு கற்பித்தவர் நேர்முகத் தேர்வில் மேலாகவே நிற்பார். பயிற்றுநர் வேலையும் கிடைக்காவிட்டால், விமான இயக்கக் கட்டுப்பாட்டு அறை, தரைப்பணி, விமானப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகம் என்று துறைக்குள்ளேயே ஊதியம் தேடுங்கள். மருத்துவச் சான்றையும் கருவிவழித் தகுதியையும் மட்டும் எப்பாடுபட்டாவது உயிர்ப்புடன் வைத்திருங்கள். ஆளெடுப்பு அறிவிப்பு வரும் வாரத்தில் அவற்றைப் புதுப்பிக்க நேரம் இருக்காது.

கேள்வி: வீட்டுக் கணினியில் விமானப் பாவனை விளையாட்டு வைத்துப் பழகினால் பயிற்சி மணிகள் குறையுமா?

பதில்: பறப்பு நேரப் பதிவேட்டில் குறையாது, ஒழுங்குமுறை அமைப்பு அங்கீகரித்த கருவியில், பயிற்றுநர் முன்னிலையில் செலவிட்ட நேரம் மட்டுமே கணக்கில் சேரும். வேறு வகையில் பணம் மிச்சமாகும். சரிபார்ப்புப் பட்டியல், வானொலி உரையாடல், கருவிகளைப் பார்வையிடும் ஒழுங்கு ஆகியவற்றை வீட்டிலேயே நாக்கிலும் கையிலும் படியவைத்துவிட்டால், வானில் அவற்றுக்காக வாடகை கொடுக்க வேண்டியதில்லை. இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலியிட்டு அமர்ந்து பழகுபவர்களும் இருக்கிறார்கள். தரையிறக்கத்தை மட்டும் கணினியில் கற்க முயலாதீர்கள். அங்கே படியும் தவறான பழக்கத்தைக் களைய, வானில் கூடுதல் மணிகள் பிடிக்கும்.

கேள்வி: 90 மணி நேரம் பறந்த நிலையில் பணம் தீர்ந்து பயிற்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டும் தொடங்க ஈராண்டு ஆகலாம். இதுவரை பறந்தது வீணா?

பதில்: வீணாகாது. பறந்த நேரம் உங்கள் மொத்தக் கணக்கில் நிலைத்திருக்கும். சில நாடுகள் மட்டும், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதில் ஒரு பகுதி அண்மைக் காலத்தில் பறந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. உங்கள் ஒழுங்குமுறை அமைப்பின் விதியை இன்றே பார்த்துவிடுங்கள். தனியார் விமானி உரிமத்தை இன்னும் பெறவில்லை என்றால், 90 மணி நேரத்தில் அதற்கான அனுபவம் பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதால், எஞ்சிய சிறு தொகையைத் திரட்டி அந்தத் தேர்வை மட்டுமாவது எழுதி உரிமத்துடன் நில்லுங்கள். உரிமம் உள்ளவர் திரும்பி வருவது, பாதி மாணவர் திரும்பி வருவதைவிட எளிது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநரின் கையொப்பமும் பள்ளியின் முத்திரையும் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, பயிற்சி முன்னேற்ற அறிக்கையின் சான்றளிக்கப்பட்ட படியையும் கேட்டு வாங்குங்கள். நிலுவை இருந்தால் சில பள்ளிகள் அந்த ஆவணங்களைத் தரத் தயங்கும். கையில் மிச்சமுள்ள பணத்தை இன்னும் ஒரு மணி நேரம் பறப்பதற்குச் செலவிடாமல், அந்த நிலுவையை முதலில் தீர்த்துவிடுங்கள்.